அசைவு பார்க்கும் கருவி

ஓய்வுபெற்ற வாட்ச்மேனைக் காவல் காக்க, வெளியூரில் இருக்கும் மகன் சமையலறைச் சுவரில் ஒரு கருவியைப் பொருத்தியிருந்தான். காலையில் அங்கே நடமாட்டம் இல்லையென்றால் அவனுடைய செல்போன் அலறும். அது வந்த பிறகு அவன் அப்பாவிடம் போனில் பேசுவதே நின்றுபோனது. அதான் கருவி பார்த்துக்கொள்கிறதே.

ஒருநாள் அவர் வீம்புக்குத் தண்ணீர்கூடக் குடிக்கப் போகாமல் கட்டிலிலேயே கிடந்தார். மகன் பதறிக்கொண்டு கூப்பிட்டால், "எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று அலட்டிக்கொள்ள வசனம்கூடத் தயார்.

போன் அடித்தது.

"அப்பா, கிச்சன்ல அந்தக் கருவிக்குப் பேட்டரி தீர்ந்துபோச்சு போல. மாத்திடுங்க. மீட்டிங்ல இருக்கேன்."

"சரிப்பா."

எழுந்து சமையலறைக்குப் போனார். கருவி கண்ணைச் சிமிட்டி, அப்பா நலம் என்று மகனுக்குச் சேதி அனுப்பியது.