ஆமான்னு சொன்ன சுரேஷ்கண்ணன்

சுரேஷ்கண்ணன் ஆறு வருசமா எனக்கு எதிரி. ஆளை ஒரு தடவகூட நேர்ல பாத்ததில்ல. அவரு வடுகபட்டியில பூண்டு மண்டி வச்சிருக்காரு, நான் உத்தமபாளையத்துல செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். ‘அறிவியல் அரட்டை’ன்னு ஒரு வாட்ஸப் குரூப்பு, தேனி ஜில்லா ஆளுக நூத்திச் சொச்சம் பேரு. விடிஞ்சா அதுல எங்க ரெண்டு பேரு சண்டைதான். மத்தவுகளுக்கு அதைப் படிச்சாத்தான் காலையில டீயே எறங்கும்.

ஏஐ வந்தா வாத்தியாருக்கு வேலை போகுமா, டவராலதான் சிட்டுக்குருவி போச்சான்னு எல்லாத்துக்கும் மல்லுக்கு நிப்போம். ஆனா மெயின் ஐட்டம் காத்தாடி. எங்க பக்கம் கரண்டு எடுக்குறதுக்கு வரிசையா நட்டு வச்சிருக்காகளே, அந்த றெக்கைக் காத்தாடி. அது வந்தப்பறந்தான் மழை கொறஞ்சுச்சு, மேகத்த வெரட்டி விட்டுருதும்பேன் நான். என் மச்சான் வருசநாட்டுல போட்ட மொச்சை காஞ்சு கருகினத என் ரெண்டு கண்ணால பாத்தேன், வேற என்ன ஆதாரம் வேணும்? அவரு உடனே படம், பட்டியல்னு எறக்குவாரு. றெக்கை எந்த ஒசரத்துல இருக்கு, மேகம் எந்த ஒசரத்துல இருக்கு, அளந்து பாத்தீகளா பாய்னு கேப்பாரு. நீங்க ஏணி போட்டு ஏறி அளந்தீகளான்னு நானும் விட மாட்டேன்.

எனக்குக் கோவம் வந்துச்சுன்னா கஸ்டமர் போன அக்கக்கா கழட்டிப் போட்டுட்டு டைப் அடிக்க உக்காந்துருவேன். அந்த மனுசனுக்கே நீங்க வாக்கப்பட்டிருக்கலாம்னு என் வீட்டுக்காரி முபீனா தலையில அடிச்சுக்குவா.

நாலு நாளா ஆளு குரூப்புப் பக்கமே வரல. போன செவ்வாக்கெழம காலையில, காத்தாடிக்குப் பின்னால மேகம் கலைஞ்சு ஓடுற மாதிரி ஒரு வீடியோவ வேணும்னே போட்டுட்டு, இப்ப வருவாரு பாருன்னு காத்துக்கிட்டு இருந்தேன். வந்துச்சு பதிலு.

“நீங்க சொல்றதுதான் சரி பாய்.”

அம்புட்டுத்தான். படமும் இல்ல, பட்டியலும் இல்ல. ஜெயிச்சுட்டோம்னு துள்ளியிருக்கணும்ல? நான் அந்த ஒத்த வரியவே திருப்பித் திருப்பிப் படிச்சேன். மதியம் குரூப்பு அட்மின் அனுசுயா டீச்சர் போன் பண்ணுனாக. தனக்கும் ‘நீங்க சொல்றதுதான் சரி’ன்னே போட்டிருக்காரு, என்னமோ மாதிரி இருக்குன்னு இழுத்தாக. அவரு நம்பருக்கு அடிச்சேன், கட்டாச்சு. திரும்ப அடிச்சேன், திரும்பவும் கட்டு. யா அல்லா, உசுரு வெறுத்துப் போனவந்தான் எல்லாத்துக்கும் சரிம்பான்னு மனசு கெடந்து அடிச்சுக்கிருச்சு. கடை ஷட்டர எறக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

தேனியில பஸ் மாறி, வடுகபட்டியில விசாரிச்சு வீட்டக் கண்டுபிடிச்சேன். கதவத் தொறந்தது அவரு சம்சாரம் உமாதேவி. பேரச் சொன்னதும், “ஓ, காத்தாடி பாயா”ன்னு மேலயும் கீழயும் பாத்தாக. வாங்கன்னு சொல்லல.

நின்ன வாக்குலயே விசயத்தச் சொன்னாக. நாலு நாளைக்கு முந்தி மனுசன் மண்டியில கிறுகிறுத்து விழுந்துட்டாரு. பிரசர் எகிறிப் போச்சு. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் வச்சிருந்து, மாத்திரை குடுத்து, டென்சனே ஆகக்கூடாது, போனப் புடுங்கி வைங்கன்னு டாக்டர் சொல்லி அனுப்பியிருக்காரு. இந்தம்மா போனப் புடுங்கிட்டாக. அது ஓயாம கத்திக்கிட்டே இருந்திருக்கு. சரின்னு சொல்லிட்டா பேச்சு முடிஞ்சிரும்லன்னு, வந்த அத்தன பேருக்கும் ஒரே பதில இவுகதான் தட்டி விட்டிருக்காக.

அஞ்சு நிமிசம் பாத்துட்டுக் கெளம்பிரணும், அவரு என்ன சொன்னாலும் சரின்னு மட்டுந்தான் சொல்லணும்னு கண்டிசன் போட்டு உள்ள விட்டாக.

வாட்ஸப் டிபியில மீசையும் தாட்டியான ஒடம்புமா இருந்த ஆளு, கட்டில்ல ஒட்டிப் போய்க் கெடந்தாரு. கையில பிரசர் பாக்குற மிசினு சுத்தியிருந்துச்சு. நான் உசேன்னு சொன்னதும் மொகம் மலர்ந்திருச்சு. உக்காரச் சொல்லிட்டு, மெதுவா ஆரம்பிச்சாரு.

“காத்தாடிக்கும் மழைக்கும் சம்பந்தமே இல்ல பாய்.”

எனக்குப் பதிலு நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சு. உமாதேவி கண்ண உருட்டுனாக.

“ஆமா. நீங்க சொல்றதுதான் சரி”ன்னேன்.

மனுசன் என்னையவே உத்துப் பாத்தாரு. அந்தம்மா மிசின அமுக்குனாக. நூத்தி அறுவத்திரெண்டு. அவரு என் கையப் புடிச்சாரு.

“பாய், எனக்குத் தெரியாம டாக்டர் உங்க யார்ட்டயாச்சும் எதையாச்சும் சொல்லிட்டாகளா?”

இவரு இங்கன எப்படிப் பயப்படுறாரோ அப்படித்தான நானும் பஸ்ஸுல பயந்துக்கிட்டு வந்தேன். இந்த ஆளு இல்லாத குரூப்புல எனக்கு என்ன வேலை இருக்கு? கண்டிசனாவது ஒண்ணாவது.

“டாக்டரும் சொல்லல, ஒருத்தரும் சொல்லல. சம்பந்தம் இல்லைன்னா எங்க மச்சான் மொச்சை தானாவா காஞ்சுச்சு?”

அவ்வளவுதான், எந்திரிச்சு உக்காந்துட்டாரு. மலையில மரத்த வெட்டுனதுல ஆரம்பிச்சு, ஆயிரமடி போர் போட்டது வரைக்கும் வந்தாரு. நான் ஏணியத் தூக்குனேன், அவரு பூகோளத்தத் தூக்குனாரு. அர மணி நேரம் ஓடிருச்சு. சத்தம் தாங்காம என்னைய வெளிய அனுப்ப வந்த உமாதேவி, எதுக்கும் ஒரு தடவ பாப்போம்னு மிசின அமுக்குனாக. நூத்தி முப்பத்தெட்டு. நம்பாம இன்னொரு தடவ அமுக்குனாக. நூத்தி முப்பத்தாறு.

அந்தம்மா மிசினப் பாத்தாக, என்னையப் பாத்தாக. “டீ போடவாண்ணே”ன்னு கேட்டாக.

பாத்தீகளா, நான் வந்ததாலதான் எறங்குச்சுன்னு நெஞ்ச நிமித்துனேன். சுரேஷ்கண்ணன் ஒத்துக்குவாரா?

“அது மாத்திரை பாய். ஒரு நாள் ரீடிங்க வச்சு எதையும் சொல்ல முடியாது. ஒரு பத்து நாளாவது நீங்க வந்து பேசிப் பாத்தாத்தான் ஆதாரம்.”

பத்து நாளு எப்படிப் பத்தும், கொறஞ்சது மூணு மாசம் வேணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன்.