பாயாசக் கொலையும் மூன்றாம் ஓலையும்

ஜெனோ நடித்த டிவி தொடருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. பாளையங்கோட்டையில் அதை யாரும் சொல்வதில்லை. பணக்கார வக்கீல் ஒருவர் பாயாசம் குடித்துச் செத்துப்போனதிலிருந்து அது வெறும் ‘பாயாசக் கொலை’தான். அதில் வக்கீலின் தம்பியாக வந்த ஜெனோ, அன்றைக்குக் கையில் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தான். இயக்குநர் நிற்கச் சொன்னார், நின்றான். அவன் செய்த பாவம் அவ்வளவுதான்.

அவனுக்கும் கரோலினுக்கும் கலியாணம் நிச்சயமாகி, கோவிலில் ஓலை, அதாவது கலியாண அறிவிப்பு, வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். தடை சொல்ல இருப்பவர்கள் அதற்குள் சொல்லிவிட வேண்டும். முதல் ஓலை நல்லபடியாகப் போனது. இரண்டாம் ஓலையில் கரோலினின் அத்தை ஞானசௌந்தரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“ஐயா, அந்த வக்கீலுக்கு விஷம் வச்சது இவன் இல்லன்னு தெரியாம நம்ம பிள்ளைய எப்படிக் கொடுக்கது?”

யாராவது சிரிப்பார்கள் என்று ஜெனோ சுற்றிலும் பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. குருவானவரும் ஒரு நாள் விடாமல் அந்தத் தொடரைப் பார்ப்பவர். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறுக்குள் இது தெளிவாகாவிட்டால் ஓலை நின்றுபோகும் என்று அறிவித்துவிட்டார். படித்தவர்கள் நிறைந்த சபை வேறு!

கரோலினின் அப்பா தேவசிகாமணி ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விடை தெரியாமல் எவனும் கணக்குப் போடமாட்டான், முடிவு தெரியாமல் எவனும் கதை எழுதமாட்டான் என்பது அவர் கட்சி. எழுதியவனிடமே கேட்டு வரும்படி மாப்பிள்ளையை அனுப்பிவைத்தார்.

எழுத்தாளர் ஸ்ரீராகவ் ஆழ்வார்குறிச்சியில் இருந்துகொண்டு காலையில் எழுதி அனுப்புவதைத்தான் சென்னையில் மத்தியானம் படம் பிடித்தார்கள். ஜெனோ போனபோது அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கே தெரியாது ஓய். வக்கீலைக் கொன்னப்போ, பின்னால யாராவது மாட்டுவான்னு நெனச்சேன். ஒருத்தனும் மாட்டலை.”

ஆனால் அவரிடம் ஒரு விதி இருந்தது. ரசிகர்கள் எழுதுவதைத் தினமும் படிப்பார். அவர்கள் யாரைச் சந்தேகப்படுகிறார்களோ அவரை விட்டுவிடுவார். எல்லோரும் கண்டுபிடித்த கொலைகாரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் சபையே என்னைத்தான் சந்தேகப்படுகிறது என்றான் ஜெனோ. அப்படியானால் நீர் தப்பித்தீர் என்று சொல்லி, அதையே தன் குரலில் பதிவுசெய்தும் கொடுத்தனுப்பினார்.

அந்தக் குரலை ஞானசௌந்தரி கேட்டாள், சபையின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள். ஒரே நாளில் பாளையங்கோட்டை முழுக்க ஜெனோ உத்தமன் ஆனான். அவனைப் போல நல்ல பையன் உண்டா என்று ஆளாளுக்கு அந்தத் தொடருக்கு எழுதித் தள்ளினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீராகவின் போன் வந்தது. அவர் குரலில் அப்படியொரு உற்சாகம். இப்போது ஜெனோவை ஒருவருமே சந்தேகப்படவில்லையாம், இதைவிடப் பொருத்தமான கொலைகாரன் கிடைக்கமாட்டானாம். நாளைக்குள் யாராவது சந்தேகப்பட்டால்தான் அவர் மனம் மாறுமாம்.

சந்தேகப்பட்டால் ஓலை நிற்கும்; சந்தேகப்படாவிட்டால் திங்கட்கிழமை அவன் கொலைகாரன், கலியாணம் நிற்கும். எப்படிப் போனாலும் கரோலின் இல்லை. ஜெனோ அவளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினான். அவள் அந்தத் தொடரைப் பார்த்ததே கிடையாது. முழுக்கக் கேட்டுக்கொண்டு, சரி, தூங்குங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசித்தார்கள். ஞானசௌந்தரி புன்னகையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து கரோலின் எழுந்தாள்.

“எனக்குத் தடை ஒண்ணும் இல்ல ஐயா. ஆனா இவரு மேல சந்தேகம் இருக்கு.”

சந்தேகத்தை வைத்துக்கொண்டு எப்படியம்மா என்று குருவானவர் தடுமாறினார்.

“அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். கூடவே இருந்து பாத்துக்கிடுதேன்.”

“முடிவு தெரியாமயா?” என்றார் தேவசிகாமணி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

“எழுதுதவருக்கே தெரியாதாம்ப்பா. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?”

தடை இல்லாததால் ஓலை நிற்கவில்லை. பெண்ணே சந்தேகப்படுகிறாள் என்றதும் சபையில் பாதிப்பேருக்குப் பழைய சந்தேகம் திரும்பியது. ஆளாளுக்கு மறுபடி எழுதினார்கள். பொழுது சாயும் முன்பே ஸ்ரீராகவ் சலித்த குரலில் கூப்பிட்டு, நீர் இல்லை ஓய், வேறு ஆள்தான் தேட வேண்டும் என்றார்.

கலியாண விருந்தில் பாயாசம் வந்தது. அது யார் போட்ட திட்டம் என்று தெரியவில்லை. டம்ளர்கள் வரிசையாக நின்றன, ஒருவரும் தொடவில்லை. ஞானசௌந்தரி தன்னுடையதைப் பைய நகர்த்தி வைத்தாள். பந்தியே மாப்பிள்ளையைப் பார்த்தது. அவமானத்தில் காது சிவக்க, நானே குடித்துக் காட்டிவிடுகிறேன் என்று ஜெனோ டம்ளரை எடுத்தான். கரோலின் அதை அவன் கையிலிருந்து வாங்கி ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

“சீனி கொறவு” என்றாள்.

ஜெனோவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஞானசௌந்தரி கொஞ்ச நேரம் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் டம்ளரைக் கையில் எடுத்தாள்.