சொன்னவையாம்

“அந்த ஞாயிறு ஐயாமாரின்ர பிள்ளையளைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டாமெண்டு றைவர்மாருக்குச் சொன்னவையாம்” என்றான் டனிஸ்ரன்.

றொஷினி அதை உடனே ஆங்கிலத்தில் சொல்லியிருக்க வேண்டும். பதினொரு வருடமாக மொன்றியலில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்க்கிறவள். சிறையையும் அடியையும் பற்றி எத்தனையோ பேர் சொன்னதைக் குரல் தளும்பாமல் மாற்றிச் சொன்னவள். அன்று எழுதிவைத்த குறிப்பைத் திரும்பவும் வாசித்தாள். எந்த ஞாயிறு என்று அவளுக்குத் தெரியும். அந்த உயிர்ப்புத் திருநாள் பூசையில் குண்டு வெடித்தபோது அவளுடைய அக்கா மாக்கிரட் கோயிலின் முன்வரிசை வாங்கில் இருந்தாள். ஏழு மாதம் கழித்து, நாட்டைக் காப்பாற்றத் தன்னால்தான் முடியும் என்று மேடைக்கு மேடை முழங்கியவர் ஆட்சிக்கு வந்தார். குண்டை வெடிக்க வைத்தவர்களின் பெயர்கள் தெரியும். தெரிந்துகொண்டே வெடிக்க விட்டவர்கள் உண்டா என்பதில்தான் இன்னும் சண்டை. குண்டுவெடிப்பை ஆராய்ந்த குழுவின் அறிக்கையில் சில பக்கங்கள் காணாமற்போயின. றொஷினியின் வீட்டில் அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டிருந்தார்கள்.

இப்போது அகதித் தஞ்சம் கேட்டு எதிரே இருப்பவன், அந்த நாட்களில் பெரிய அதிகாரி ஒருவருக்குக் கார் ஓட்டியவன்.

என் அக்கா அங்கே செத்தவள், நான் இந்த விசாரணையில் இருக்கக்கூடாது என்று அவள் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வழக்குத் தள்ளிப்போகும். இன்னொரு நாள் இவன் இதைச் சொல்வானா? அவள் எழவில்லை. ‘சாரதிகளான எங்களிடம் சொன்னார்கள்’ என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ‘சொன்னவையாம்’ என்பதிலுள்ள ‘ஆம்’ மட்டும் வாய்க்குள்ளே நின்றுவிட்டது. யாரோ சொல்லக் கேள்விப்பட்டவன், தன் காதால் கேட்டவனாகிவிட்டான்.

விசாரணை அதிகாரி, தலைமயிரை ஒட்ட வெட்டிய வயதான பெண், சட்டென்று நிமிர்ந்தாள். சொன்னது யார், எங்கே வைத்து, பக்கத்தில் வேறு யார் இருந்தது என்று கேட்டாள். றொஷினி அதைத் தமிழில் சொன்னதும் டனிஸ்ரனின் முகம் வெளிறியது.

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, அக்கா. சனம் கதைச்சதைத்தான் சொன்னனான்.” பிறகு மேசையைப் பார்த்தபடி, “மனிசியும் பிள்ளையளும் இன்னும் அங்கதான்” என்றான்.

இரண்டையும் அவள் மொழிபெயர்த்தாள். பிழை தன்னுடையது, திருத்துகிறேன் என்றாள். அதிகாரி எழுதியதன்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். மிச்ச நேரம் திகதிகளிலும் விமானச் சீட்டிலும் போயிற்று. முடிவு தபாலில் வரும் என்றார்கள்.

வில்லரேயிலுள்ள வீட்டுக்குப் போவதற்காக அவள் மெட்ரோ நிலையத்தில் நின்றபோது அவன் பக்கத்தில் வந்தான். மொழிபெயர்ப்பவர் வழக்குக்காரரோடு வெளியே கதைக்கக்கூடாது என்பது விதி. அவள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீங்கள் முதல் சொன்னதுதான் சரி அக்கா” என்றான் மெதுவாக. “நான் கார் ஓடின ஐயா எனக்குத்தான் சொன்னவர். காருக்குள்ள வைச்சு. அவர் இப்ப இன்னும் பெரிய இடத்தில.”

அவள் கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

“உங்கட ஆக்களும் அந்தக் கோயிலிலயோ?”

“ஓம்” என்றாள்.

வண்டி வந்து நின்று கதவுகள் திறந்தன. டனிஸ்ரன் வண்டியைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலால் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் விசாரணைக் கட்டிட வாசலில் நின்ற, கறுப்புக் குளிர்ச்சட்டை போட்ட ஒருவன், அவசரமில்லாமல், கைபேசியைக் காதில் வைத்தபடி இறங்கி வந்துகொண்டிருந்தான். அந்த ஆள் ஏறுகிறானா என்று பார்த்துக்கொண்டு, கதவுகள் மூடும்வரை இருவரும் ஏறவில்லை.