நீலக் கட்டைவிரல்

அன்று காலை அத்தான் இடது கையால் காபி குடித்தார்.

அவர் இடது கைக்காரர் அல்ல. வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் ஆழமாகப் புதைந்திருந்தது.

"கைக்கு என்ன அத்தான்?"

"ஒண்ணுமில்லையே!"

இத்தனை வேகமான 'ஒண்ணுமில்லையே'வைக் கேட்டதும் எனக்கு மூக்கில் வியர்த்திருக்க வேண்டும். வியர்க்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் அன்று உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடி வரப்போகிற நாள்.

பூதக்கண்ணாடி ஒரு ஆள். கைவினைச் சங்கத்தின் பரிசோதகர். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார் என்றால், நெய்தவன் தறியில் எந்த இழையில் தும்மினான் என்றுகூடச் சொல்லிவிடுவார். அவர் முத்திரை விழுந்தால்தான் சங்கத்தின் கண்காட்சியில் எங்களுக்கு இடம். கண்காட்சியில் பிடிக்கும் ஆர்டர்தான் வருஷம் முழுக்க எங்களுக்குச் சோறு. முத்திரை இல்லையென்றால் ஷட்டரை இழுத்துவிட்டு அக்கா பழையபடி யாரிடமாவது கைகட்டி வேலைக்குப் போக வேண்டியதுதான்.

அக்காவின் கடை ஒரு மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும். உள்ளே நுழைந்தால் தெற்காசியாவே வந்து தலையில் இடிக்கும். மேலிருந்து தொங்கும் மூங்கில் கூடைகள், பித்தளைச் செம்புகள், கண்ணாடி பதித்த பைகள், பழைய சேலைகளை அடுக்கித் தைத்த போர்வைகள். அலமாரிக்கு அலமாரி, செய்தவர்களின் படம். "பொருளைக் காட்டிட்டு ஆளை மறைக்கற கடை இது இல்ல" என்பாள் அக்கா, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

ஒவ்வொரு பொருளிலும் ஓர் அட்டை தொங்கும். வாசகம் அக்காவின் சொந்தச் சரக்கு: 'சின்னச் சின்னக் குறைகளே கையின் கையொப்பம். எங்களிடம் எந்த இரண்டும் ஒன்றுபோல் இராது.' எழுதிய அன்று அதைத் திரும்பத் திரும்ப வாசித்துத் தானே மயங்கினாள்.

அந்த அட்டைதான் கத்தியாகத் திரும்பியது.

முந்தின வாரம் வந்த பூதக்கண்ணாடி, கூடையைப் பார்த்துத் தலையாட்டினார். செம்பைப் பார்த்துத் தலையாட்டினார். தலையணை உறைகளிடம் வந்ததும் தலை நின்றுவிட்டது. வெள்ளைத் துணியில் நீலக் கொடி. மரக்கட்டையில் செதுக்கிய அச்சைச் சாயத்தில் தொட்டுத் தொட்டுக் கையால் குத்தியது. இரண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். கொடிமேல் கொடி, இலைமேல் இலை. மயிரிழை விலகல் இல்லை.

"இது மெஷின்."

"ஐயோ சார், கை வேலை!" அக்கா பதறினாள்.

"எந்த ரெண்டும் ஒண்ணுபோல இருக்காதுன்னு உங்க அட்டையே சொல்லுதே? குறை எங்க? காட்டுங்க பார்ப்போம்."

காட்ட ஒன்றும் இல்லை. அந்த உறைகளை அடித்துத் தரும் அச்சுக்காரம்மா வேலையில் குறை தேடுவது மொட்டைத் தலையில் பேன் பார்ப்பதுபோல.

"அடுத்த வாரம் இன்னொரு தடவை வர்றேன். அதுதான் கடைசி" என்று லென்ஸைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

நானும் அக்காவும் அன்றைக்கே அச்சுக்காரம்மாவின் கொட்டகைக்கு ஓடினோம். நீள மேசையில் துணியை இழுத்துக் குண்டூசி குத்தியிருந்தாள். கட்டையை வைப்பாள், முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து, எடுப்பாள். அக்கா குழைந்தாள்.

"ஒரு சின்ன உதவி. இனிமே கொஞ்சம்... கோணலா அடிக்க முடியுமா?"

கட்டை அந்தரத்தில் நின்றது. "என்னது?"

"லேசாத்தான். தெரிஞ்சும் தெரியாம."

"ஏம்மா, ஜுரம் கிரம் அடிக்குதா உனக்கு?"

அக்கா நடந்ததைச் சொன்னாள். "என்னை மெஷின்னா சொன்னான்?" அச்சுக்காரம்மாவின் முகத்தில் முதலில் ஒரு பெருமிதம்தான் பரவியது. அப்புறம்தான் கோபம் வந்து அதைத் துரத்தியது.

"ஒரே ஒரு பூவை மட்டும்..."

"பூவும் கிடையாது, காயும் கிடையாது. அந்தாளு எப்ப வர்றான்னு மட்டும் சொல்லு. கட்டையோட வர்றேன். அவன் நெத்தியில ஒரு குத்து. நடு நெத்தியில. ஒரு நூல் விலகாது."

வாடிய முகத்தோடு கடைக்குத் திரும்பினோம். பார்சல் கட்டும் மேசையிலிருந்து அத்தான் தலை தூக்கினார். அவரைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒழுங்கு அவருக்கு ஒரு வியாதி. கழற்றிய செருப்பு ரெண்டும் ஒரே கோட்டில் நிற்கும். சுவரில் படம் சாய்ந்திருந்தால், அது அடுத்தவன் வீடாக இருந்தாலும் எழுந்து போய் நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார்.

"குறைன்னா எவ்வளவு பெரிசு இருக்கணும்?" என்று கேட்டார்.

"நீங்க சும்மா இருந்தாலே போதும்" என்றாள் அக்கா.

அவர் சும்மா இருக்கவில்லை என்பது அந்தக் காபிக்குப் பிறகுதான் தெரிந்தது.

பூதக்கண்ணாடி வந்தார். உறைகளை அடுக்கி அவர் முன்னால் வைத்தேன். முதல் உறையைப் பிரித்தார். கீழ் ஓரம், வலது மூலையில் நீலமாக ஒரு கறை.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"அடடே!" பூதக்கண்ணாடி முகத்தில் முதல் தடவையாகப் பல் தெரிந்தது. "இது குறை! நான் அவசரப்பட்டுட்டேன் போல."

இரண்டாவது உறை. அதே மூலை. அதே கறை.

பல் மறைந்தது. மூன்றாவதைப் பிரித்தார். நான்காவதைப் பிரித்தார். பிறகு பிரிக்கக்கூட இல்லை. மூலைகளை மட்டும் சீட்டுக்கட்டுபோல் விசிறிப் பார்த்தார். எல்லா மூலையிலும் கறை. எல்லாம் ஒரே கோட்டில், பட்டாளத்து அணிவகுப்புபோல.

"மேடம்," குரல் ஐஸ் கட்டியாக வந்தது. "உங்க மெஷின்ல எங்கயோ சாயம் ஒழுகுது."

அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் நிழல் விழுந்தது. அச்சுக்காரம்மா! ஒரு கையில், அக்கா கொடுத்திருந்த அட்டைகளைக் கட்டிய புது உறைகளின் மூட்டை, மறு கையில் கட்டையும் சாயத் தட்டும்.

"யாருய்யா அது, என்னை மெஷின்னு..." பாதியில் நின்றாள். கண் மேசைக்குப் போனது. ஒரு உறையைத் தூக்கினாள். இன்னொன்று. அவள் போட்ட சத்தத்தில் மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"எவன்டா என் துணியில கையை வெச்சது?"

அவள் பூதக்கண்ணாடியின் கழுத்துக் கயிற்றோடு சேர்த்து லென்ஸை இழுத்தாள். அவரும் கூடவே குனிய வேண்டியதாயிற்று.

"ரேகை தெரியுது. நடுவுல குறுக்கால ஒரு தழும்பு. எல்லாரும் வலது கட்டைவிரலை நீட்டுங்க."

"நானுமா?" என்றார் பூதக்கண்ணாடி.

"நீதானே இவ்வளவு நேரம் தொட்டுட்டு இருந்தே? நீட்டு!"

நீட்டினார். சுத்தமான விரல். அக்கா விரல், என் விரல், வேடிக்கை பார்க்க வந்த மருந்துக்கடைக்காரர் விரல். எல்லாம் பார்த்தாகிவிட்டது. அத்தான் மட்டும் மூங்கில் கூடைகளுக்குப் பின்னாலிருந்து பவ்யமாக ஒரு கட்டைவிரலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அது இடது கை."

"ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கும்."

"அதையும்தான் பார்ப்போமே."

பாக்கெட்டிலிருந்து வலது கை மெள்ள வெளியே வந்தது. கட்டைவிரல் நாவல்பழம் மாதிரி இருந்தது. என்றோ பார்சல் கத்தி பட்ட தழும்பு, குறுக்கே வெள்ளைக் கோடாக.

"அடப்பாவி மனுஷா!" என்றாள் அக்கா.

"குறை வேணும்னு நீதானே அழுதே?"

"அதுக்கு? எல்லாத்துலயும் ஒரே எடத்துலயா வெப்பீங்க?"

"ஸ்கேல் வெச்சு அளந்து வெச்சேன்" என்றார் அத்தான், மனம் நொந்து. "கண்ட எடத்துல வெச்சா பார்க்க அசிங்கமா இருக்காதா?"

பூதக்கண்ணாடியின் உதடு துடித்தது. கோபமா, வேறெதாவதா என்று எனக்குப் புரியவில்லை. "என் சர்வீஸ்ல இவ்வளவு நேர்த்தியான மோசடியை நான் பார்த்ததில்ல. சரி, கறை கையால வெச்சதுன்னு ஒத்துக்கறேன். கொடி?"

அச்சுக்காரம்மா கட்டையைத் தூக்கினாள். அவர் கை தன்னையறியாமல் நெற்றியை மறைத்தது.

ஆனால் அவள் மேசைமேல் போர்வையை விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துப் போட்டாள். "புடி அந்த முனையை" என்று பரிசோதகரையே பிடிக்க வைத்தாள். தொட்டாள், வைத்தாள், குத்தினாள். கட்டையின் மூலையில் சின்னதாக ஒரு ஆணி; அது விட்ட புள்ளியின்மேல் அடுத்த குத்து. அவ்வளவுதான் ரகசியம். குத்தும்போது கண் துணியில் இருந்ததா என்றால், பாதி நேரம் அத்தானை முறைத்துக்கொண்டிருந்தது. வாயும் ஓயவில்லை. "ஸ்கேலாம்ல, ஸ்கேலு! வீட்ல சோத்தையும் அளந்துதான் திங்கிறியா?"

கொடி ஓடி முடிந்தது. பூதக்கண்ணாடி துணியை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். கறை பட்ட உறை ஒன்றை அதன்மேல் வைத்தார். லென்ஸ் மேலே போனது, கீழே வந்தது. கொடிமேல் கொடி. இலைமேல் இலை.

"கண்ணால பார்த்துட்டேன். கை வேலைதான்" என்றார் மெதுவாக. "ஆனா உங்க அட்டை? எந்த ரெண்டும் ஒண்ணுபோல இருக்காதுன்னு எழுதி வெச்சிருக்கீங்க. பொய் சொல்ற பொருளுக்கு நான் முத்திரை வெக்க முடியாது."

அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். புது மூட்டையைப் பிரித்து, உறை உறையாக அட்டைகளை நறுக்கிக் கீழே போட்டாள். அவள் பெற்று வளர்த்த வாசகம். ஒரு தடவைகூடக் கை தயங்கவில்லை.

"தப்பு என்னுதுதான் சார். இவங்க கையைப் பார்க்காமலே இவங்க கையைப்பத்தி எழுதிட்டேன்."

அச்சுக்காரம்மா மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக்கொண்டாள். சாயத்தின் நெடி என்றாள், யாரும் கேட்காமலே.

"கறை பட்டதுக்கெல்லாம் முத்திரை கிடையாது" என்றார் பூதக்கண்ணாடி, பையிலிருந்து முத்திரையை எடுத்துக்கொண்டே.

"அதெல்லாம் இந்தத் தம்பி தலைக்கு! ஆயுசுக்கும் அதுலயே படுக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னாள் அச்சுக்காரம்மா.

பூதக்கண்ணாடி மையில் தொட்டு, புது உறையின் ஓரத்தில் தைத்த துணிப்பட்டியில் முத்திரையை அழுத்தினார். எடுத்தார். ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் வெளிறியும், குடித்தவன் நிற்பதுபோல் சாய்ந்து விழுந்திருந்தது. அடுத்ததை இன்னும் கவனமாக வைத்தார். அது எதிர்ப்பக்கம் சாய்ந்தது.

அச்சுக்காரம்மா லென்ஸைக் கேட்டு வாங்கி, இரண்டையும் நிதானமாகப் பார்த்தாள்.

"சத்தியமா இது கை வேலைதான்."

மருந்துக்கடைக்காரர் சிரிப்பை அடக்கமாட்டாமல் தன் கடைக்கு ஓடினார். அக்காவின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது.

அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சாய்ந்த முத்திரைகளையே பார்த்துக்கொண்டு நின்றவருக்கு நெற்றியில் வியர்த்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் பின்பாக்கெட்டில் கைவிட்டு ஸ்கேலை உருவினார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் நகருங்க, நான் கோடு போட்டுத் தர்றேன்."