தூரத்தில் தெரிகிற எழுத்து

காணாமல் போனவர்களைத் தேடும் எங்கள் அமைப்பின் வலைத்தளங்களுக்குப் பக்கம் அமைப்பவள் நான். வந்து படிப்பவர்களில் பாதிப் பேர் பார்வை மங்கிய பெற்றோர். "எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா" என்று ஒருவராவது தினமும் போன் செய்வார். நல்ல எழுத்துரு, அதாவது ஃபாண்ட், வாங்கலாம் என்றால், தளத்தைப் பார்க்க வருகிறவர்கள் கூடக்கூட அதன் கட்டணமும் கூடுமாம். அடப் போங்கடா என்று இலவசமாகக் கிடைப்பதைத் தேட ஆரம்பித்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரே பக்கத்தை ஒவ்வொரு ஃபாண்டிலும் அச்சடித்து நடைவழிச் சுவரில் ஒட்டுவோம். ஆட்கள் படித்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். எது அதிக தூரம் தாங்குகிறதோ அது ஜெயித்தது. இந்த முறை நான் ஒட்டியது என் தம்பியின் பக்கம். எனக்கு மனப்பாடமான பக்கம் அது ஒன்றுதான்.

அவன் காணாமல் போய் மூன்று வருடம். என்னைக் குண்டு என்று கூப்பிடத் தைரியமுள்ள ஒரே ஆள். அவன் போனதிலிருந்து அம்மா வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. "புள்ள வந்து தட்டிட்டு நிக்கக் கூடாதுடி" என்பாள். திருடன் வந்தா என்ன பண்ணுவே என்று நான் கத்தியதெல்லாம் அவள் காதில் ஏறவே இல்லை.

கடைசித் தாள், யார் செய்தது என்றே தெரியாத ஓர் இலவச ஃபாண்ட். அதைப் படிக்க வந்தவர் எங்கள் கணக்கர். கண்ணாடியைக் கழற்றினால் சொந்த மனைவியையே யாரென்று கேட்பார், அதனால் அவருக்குச் சோடாபுட்டி என்று பெயர். மனிதர் பின்னால் போனார், போனார், மாடிப்படி வரை போய்விட்டார்.

"'நீலச் சட்டை, இடது புருவத்தில் தழும்பு.' அட, பளிச்சுனு தெரியுதே!" என்றபடி ஒரு படி இறங்கினார். "'கிளம்பிவிட்டேன்.'"

"என்னது?"

"'கிளம்பிவிட்டேன்'னு போட்டிருக்கு."

"விளையாடாதீங்க சார். அது என் தம்பி பக்கம். எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"ஐயோ, இருக்கிறதைத்தாம்மா படிக்கிறேன். நீயே வந்து பாரு."

தாளருகே போய்ப் பார்த்தேன். தழும்பு, அதற்குக் கீழே எங்கள் போன் நம்பர், அவ்வளவுதான். சோடாபுட்டி பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். போன் நம்பருக்குக் கீழே ஒரு வரி தெளிவாக இருந்தது. கிளம்பிவிட்டேன்.

 கிட்டே போனால் வரி இல்லை. இன்னும் இரண்டு படி இறங்கினால் இன்னொரு வரி. 'அம்மா தாழ்ப்பாள் போடுவதில்லை, தெரியும்.'

எப்படி, எதனால் என்றெல்லாம் எவள் கேட்டாள்? தம்பி வருகிறான்! வெட்கமில்லாமல் படியில் உட்கார்ந்து அழுதேன். இன்னும் இறங்கிப் பார்த்தும், அதற்குக் கீழே இருந்த வரிகள் என் கண்ணுக்கு எட்டவில்லை. எங்கள் மேலாளர் தன் அறை வாசலிலிருந்தே தழும்பு வரை படித்துவிட்டு, "காசும் இல்ல, கண்ணுக்கும் குளிர்ச்சி. இதையே வெச்சுக்கலாம்" என்று முடித்துவிட்டார்.

பார்வை மங்கிய அம்மாவின் கண்ணுக்கு, பக்கத்தில் இருப்பதும் தூரம்தான்; எனக்கு எட்டாத வரி அவளுக்கு எட்டும். தாளைக் கிழியாமல் எடுத்து, பொழுது சாயும் முன்பே வீட்டுக்கு ஓடினேன். அவள் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன்.

அம்மா உதடு அசைத்துப் படித்தாள். போன் நம்பரைத் தாண்டியதும் அவள் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்கத்தான் இத்தனை நாள் உயிரோடு இருந்தேன் என்று தோன்றியது. ஆனால் உதடு நிற்கவில்லை. வெகுநேரம் அசைந்தது. சிரிப்பு மெல்ல மறைந்தது.

"எப்பம்மா வர்றானாம்?"

அவள் எழுந்து தாளைக் கிழித்துக் கசக்கினாள். வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினாள். துருப்பிடித்திருந்தது. உள்ளங்கையால் அடித்து அடித்து ஏற்றினாள்.

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா?"

"வர்றது அவன் இல்லடி." அவள் குரல் உடைந்தது. "அவன் சட்டையைப் போட்டுட்டு வருது. அவன் குரல்லயே கூப்பிட்டாலும் திறக்காத."

"அப்போ தம்பி?"

"நாளைக்கு அவன் பக்கத்தை எடுத்துடு. மத்த புள்ளைங்க பக்கத்துக்கெல்லாம் என்னை மாதிரி அம்மாக்களால படிக்க முடியாத எழுத்தா பாத்து வை."

விளக்குப் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அப்போது கதவு தட்டப்பட்டது.

"குண்டு, கதவைத் தொற."

அவன் குரல். அப்படியே அவன் குரல். என் கை தானாகக் கதவுக்குப் போனது. அம்மா என்னைத் தோளால் தள்ளிவிட்டு, தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் தாடையில் வழிந்தது.

"போயிடுடா கண்ணு" என்றாள், கதவைப் பார்த்து.

வெளியிலிருந்து அதே குரல்.

"அம்மா, பசிக்குதும்மா."

அம்மா ஓவென்று அழுதாள். தாழ்ப்பாளை விடவில்லை.