பூவுக்குத் தைத்த பை

1
சட்டை வாங்கப் போன இடத்தில் கிடைத்த கதை இது. சட்டை இன்னும் கைக்கு வரவில்லை. தையல்காரியின் மெஷின் மூடிக் கிடந்தது. அவள் பின்பக்கம் சூரியகாந்தி விதை எடுக்கிறாள் என்றார் கணவர், லாரி டிரைவர். எட்டிப் பார்த்தேன். பார்க்காமலே வந்திருக்கலாம்.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பொன்னிறப் பூக்கள் காற்றில் தலையசைத்து...’ அடித்துவிட்டேன். அங்கே பொன்னும் இல்லை, அசைவும் இல்லை. கொடியில் தலைகீழாகக் கட்டிக் காயவைத்த பூத்தலைகள்தான் இருந்தன. அவள் இரண்டு தலைகளை ஒன்றோடொன்று தேய்த்து விதையை முறத்தில் உதிர்த்தாள். புடைத்தபோது சருகோடு விதையும் பறந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி முறத்தில் போட்டாள்.

3
இங்கே தையல்காரியின் மகள் வர வேண்டும். எப்படிக் கொண்டுவருவது என்று தெரியவில்லை. (கொண்டுவர முடிந்தால் இந்தக் கதையே வேண்டாம்.)

செடி வைத்தவள் அவள்தான். “விதை எடுத்து வைம்மா, அடுத்த தடவ வாசல் பூரா போடலாம்” என்றாளாம். மொட்டு விடுவதற்குள் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அதன்பிறகு தாய்க்கு இருந்தது ஒரே வேலை, கிளிகள் கொத்தாமல் பார்த்துக்கொள்வது. பூ விரியத் தொடங்கியதுமே மகளின் பழைய சட்டைகளை வெட்டிப் பை தைத்து மாட்டிவிட்டாள். வேறு யாராவது என்றால் பூ வாடிய பிறகு ஏதோ ஒரு வலையைச் சுற்றியிருப்பார்கள். இவள் தையல்காரி. இரட்டைத் தையல், கழுத்தில் சுருக்குக் கயிறு. எறும்பு நுழையவில்லை. தேனீயும் நுழையவில்லை.

4
டிரைவரை ஒன்றும் தெரியாத அப்பாவியாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் அவர் என்னைத் தெருவுக்குக் கூட்டிப்போய் ஒரு விதையைக் கடித்துக் காட்டினார். உள்ளே பருப்பே இல்லை.

“எல்லாம் பதரு சார். அவ கட்டின பையாலதான், தேனீ உக்காராம பருப்பு பிடிக்கல. அவகிட்ட எப்படிச் சொல்றது?”

சட்டைப்பையில் கடையில் வாங்கிய நல்ல விதை வைத்திருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பினால் கலந்துவிடுவாராம். தப்பா என்று கேட்டார்.

5
முடிவு ஒன்று: கலந்துவிடுகிறார். வாசல் பூரா பூக்கிறது. யாரோ வளர்த்த செடியின் பூக்களை அவள் தடவித் தடவி... வேண்டாம்.

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறார். ‘நீ கட்டின பைதான்’ என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. பிள்ளையையும் காப்பாற்ற முடியவில்லை, பிள்ளை வைத்த பூவையும் நானே கெடுத்தேன் என்று அவள் மிச்ச காலத்தைக் கழிப்பாள்.

6
நடந்தது இவ்வளவுதான். அவள் ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்தாள். நல்ல விதை அடியில் போய்விடும், பதர் மேலே நிற்கும் என்று எனக்கு விளக்கினாள். விதையை எல்லாம் கொட்டினாள். அத்தனையும் மிதந்தன.

உள்ளங்கையால் அழுத்தினாள். கையை எடுத்ததும் மேலே வந்தன. மறுபடி அழுத்தினாள்.

“இன்னும் ஊறல. அதான்” என்றாள்.

டிரைவரின் கை சட்டைப்பைக்குள் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் சட்டையைக்கூடக் கேட்காமல் கிளம்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

கதையில் அவள் கை இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. அதை எடுப்பதற்குள் யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும். என்னால் ஆகவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.