தோள்பட்டை வலி

“புறங்கையால வையி சொர்ணம். இன்னைக்கு உள்ளங்கை ஆகாது,” என்றாள் நாத்தனார் மூக்காயி.

சொர்ணலட்சுமி கையைத் திருப்பி, கிண்ணத்து நல்லெண்ணெயில் தொட்டு, பந்தலில் கிடத்தியிருந்த புருஷன் மலைச்சாமியின் உச்சந்தலையில் வைத்தாள். நேற்றுச் சாயங்காலம் இதே எண்ணெயைச் சூடாக்கித்தான் அவருடைய இடது தோளில் அழுத்தித் தேய்த்தாள். மல்லிகைக்கு மருந்தடிக்கிற டேங்கைச் சுமந்த பிடிப்பு என்று அவரும் சொன்னார், அவளும் நம்பினாள். வேர்த்துக் கொட்டியபோது சந்தோஷம் வேறு. “வாய்வு எறங்குது, நல்லா வேர்க்கட்டும்” என்று போர்வையைப் போர்த்திவிட்ட புண்ணியவதி அவள்தான்.

பேச்சு குழறிய பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்துவிட்டு, ஹார்ட் அட்டாக், அடைப்பு எடுக்கிற வசதி இங்கே இல்லை, மதுரைக்குத்தான் போகணும் என்றார்கள். மதுரை வரை அவர் தாங்கவில்லை. சுகர், பிரஷர், பீடி மூன்றும் இருந்த மனுஷன். மாத்திரை போட்டால் கிறுகிறுக்கிறது என்று பூப்பறிக்கும் நாட்களில் தொடமாட்டார். மல்லிகைச் சீசனில் பூப்பறிக்காத நாள் எது?

விடிந்ததிலிருந்து பந்தலில் எந்த ஆம்பளை தோளைத் தடவினாலும் அவளுக்குத் திடுக்கென்றது. அவர் தோளின் வேர்வை இன்னும் தன் கையில் பிசுபிசுப்பதாகவே இருந்தது. நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன் என்று உள்ளுக்குள் அரற்றினாள்.

பேகம்பூர் அப்துல் கையூம் மாலையோடு வந்திருந்தார். அவருடைய கமிஷன் கடைக்குத்தான் இவர்கள் பூ போகும்.

“எனக்கும் போன மாசம் இதே தோள்பட்டைதாம்மா. மகன் கார்ல தூக்கிப்போட்டு மதுரைக்குக் கொண்டுபோயிட்டான். ஸ்டென்ட் வச்சு, இந்தா உக்காந்திருக்கேன். ஒரு போன் போட்டிருக்கலாமே. வண்டி சும்மாதான நின்னுச்சு.”

“தோள்பட்டை வலிக்கு யாரு பாய் கார் கேப்பாக?”

நல்ல மனுஷர். மாலையை மலைச்சாமியின் மார்பில் வைத்தார்.

மகன் பாண்டியராஜ் இடது தோளில் நீர்க்குடம் சுமந்து, கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பினான். வாசலில் கால் கழுவியவன் அப்படியே படியில் உட்கார்ந்து தோளை நீவிக்கொண்டான். வெற்று மார்பெல்லாம் வேர்வை. திருப்பூர்க் கம்பெனி மருத்துவ முகாமில் அவனுக்கும் பிரஷர் என்று சொன்னபோது, முப்பது வயசில் என்ன பிரஷர் என்று சிரித்தவன்.

“என்னப்பா செய்யுது?”

“ஒண்ணுமில்லம்மா. தோள்பட்டைதான் வலிக்குது.”

“கொடம் சொமந்தது. செத்த நேரம் படுத்தாச் சரியாப் போகும்,” என்றாள் மூக்காயி.

தெருவில் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாதென்று கையூம் பேசாமல் கிளம்பியிருந்தார்.

புருஷனைச் சுடுகாட்டுக்கு அனுப்பியவள் அன்றைக்கு வாசல் தாண்டக் கூடாது. “ஏய் சொர்ணம், எங்கடி போற!” என்று மூக்காயி அலறினாள். சொர்ணலட்சுமி மகனுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வெறுங்காலோடு காருக்குப் பின்னால் ஓடினாள்.

“அம்மா, கொடம் தூக்குன வலிதாம்மா,” என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான்.